எந்தப் பக்கத்துக் கொம்பு?

1. இன்ஸ்பெக்டர் வந்த காலை

தேவாரத்துச் சோளக்காட்டில் காவலுக்கு இருந்த ஒருவரை ஒற்றைக் கொம்பன் யானை மிதித்துக் கொன்ற மறுவாரம், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் போடியில் இருந்த எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஏம்ப்பா பரமசிவம், காட்டு மிருகத்தைப் படம் புடிக்கத் தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கம் நீங்க ரெண்டு பேருதான். தேவாரத்துக்கு வெரசாக் கிளம்புங்க. அந்த யானையோட மூஞ்சி தெரியிற மாதிரி ஒரு படம் வேணும்.”

பரமசிவம் என் அக்காளைக் கட்டியவர். ஸ்டுடியோவும் கேமராவும் அவருடையவை. கல்யாணப் படம், குடும்பப் படம் எடுத்துத்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. ஆனால் குரங்கணிக்கு மேலே இருந்த எஸ்டேட் துரைமார் அவ்வப்போது எங்களைக் கூப்பிட்டு வரையாடு, மலையணில், பருந்துக் கூடு என்று படம் எடுக்கச் சொல்வார்கள். அதற்காக மச்சான் ஒரு நீள லென்ஸ் வாங்கி வைத்திருந்தார். அது எங்களிடம் இருப்பது ஊருக்கே தெரியும்.

படம் ஏன் வேண்டும் என்பதையும் இன்ஸ்பெக்டரே சொன்னார். சாதாரணமாக யானையைச் சுடக் கூடாது, சர்க்கார் சட்டம். ஆளைக் கொன்ற யானை என்றால் கலெக்டர் தனியாக உத்தரவு போடுவார். எந்த யானை என்று அதில் அடையாளம் எழுதியாக வேண்டும். தேவாரத்தில் விசாரித்தால் பாதிப் பேர் கொம்பு வலப்பக்கம் என்கிறார்கள், பாதிப் பேர் இடப்பக்கம் என்கிறார்கள்.

“அவங்க வலதா, யானையோட வலதான்னு கேட்டா அதுக்கு ஒரு சண்டை. படம் இருந்தா பேச்சே இல்ல பாருங்க,” என்றார்.

மச்சானுக்கு அப்போது மலைக்காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். “ரெண்டு நாள் பொறுத்துப் போவோம் மச்சான்,” என்றேன்.

“சர்க்கார் சோலி மாப்ளே. முடியாதுன்னு சொல்லிட்டு நாளைக்கு இந்த ஊர்ல கடை போட முடியுமா? வண்டியக் கட்டச் சொல்லு,” என்றார்.

2. செல்லையாவின் காடு

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் நீங்கள் பிலிம் சுருளைப் போட்ட சின்னக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறீர்கள். அன்றைக்கு எங்கள் மூட்டை ஒரு மாட்டு வண்டியை நிறைக்கும். மரப்பெட்டிக் கேமரா, தோல் துருத்தி, பித்தளை லென்ஸ், முக்காலி, தலையில் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி, அப்புறம் கண்ணாடி பிளேட்டுகள். கனம் பிளேட்டில்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடி. அதை வெளிச்சம் படாமல் ஸ்லைடு என்ற மரச்சட்டத்துக்குள் போட்டு மூடிக் கொண்டுபோக வேண்டும்.

பிளேட்டின் ஒரு பக்கம் படம் பதிகிற மருந்து பூசியிருக்கும், மறுபக்கம் வெறும் கண்ணாடி. மருந்துப் பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் போட்டுவிடலாம். காட்டில் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவித்தான் போட வேண்டும். சந்தேகம் வந்தால் பைக்குள் எச்சில் தொட்ட விரலை பிளேட்டின் ஓரத்தில் வைத்துப் பார்ப்போம். மருந்துப் பக்கம் லேசாக ஒட்டும். கண்ணாடிப் பக்கம் வழுக்கும். மச்சானுக்கு அந்தச் சோதனைகூடத் தேவைப்படாது. விரல் நுனியிலேயே தெரியும் என்பார். அதுவரை அப்படித்தான் தெரிந்தது.

செத்துப்போனவருடைய தம்பி செல்லையா எங்களுக்குத் துணையாக வந்தார். யானை அடித்தது அவர்கள் சோளக்காட்டில்தான். மலையடிவாரத்தை ஒட்டிய காடு அது. நடுவே காவல் குடிசை, பக்கத்தில் ஒரு புளியமரம். குடிசையின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. யானை விடியற்காலையில் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்றார் செல்லையா.

“எங்கண்ணன அடிச்ச எடத்துல வந்து நின்னுக்கிட்டே இருக்குண்ணே. சோளக் கருதக்கூடத் திங்க மாட்டேங்குது. எதுக்கு நிக்கிதுன்னே தெரியல.”

காட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு பாறை இருந்தது. யானை ஏற முடியாத பாறை. அதன் மேல் முக்காலியை நிறுத்தி, இலை தழைகளைக் கட்டி மறைத்தோம். மலைக்காற்று கேமராவை ஆட்டாமல் இருக்க முக்காலிக்கு நடுவே ஒரு சாக்கில் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டோம். நீள லென்ஸில் சிறு நடுக்கம்கூடப் படத்தைக் கெடுத்துவிடும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று செல்லையா மண்ணை எடுத்து விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வாடை யானைக்குப் போனால் வேலை கெட்டது.

மழை மூட்டமாக இருந்ததால் முதல் இரண்டு விடியலும் வீண். யானை வந்தது, ஆனால் வெளிச்சம் வருவதற்குள் திரும்பிவிட்டது. அடுத்த நாள் மச்சானுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. பாறைக்குக் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கறுப்புப் பைக்குள் கையை விட்டு பிளேட் மாற்றினார். குளிரில் பல் தந்தியடித்தது. “நான் போடுறேன் மச்சான்,” என்றேன். “நீ மேல போயி போக்கஸ் பாரு. வெளிச்சம் வந்துரும்,” என்றார்.

அன்று யானை போகவில்லை. மூட்டம் விலகியபோது குடிசைக்கும் புளியமரத்துக்கும் நடுவில் எங்களைப் பார்த்தபடி நின்றது. ஒற்றைக் கொம்பு வெளுப்பாகத் தெரிந்தது. கொம்பில்லாத பக்கத்துக் கன்னத்தில் பழைய காயம் ஒன்று சீழ் வடிந்துகொண்டிருந்தது. அதன் வலியில்தான் அது அப்படித் திரிந்தது என்று நினைக்கிறேன். அந்த வெளிச்சத்துக்கு அரை நொடி திறந்து வைக்க வேண்டும். அது காதை அசைத்தால்கூடப் படம் போச்சு. காது நின்ற நேரம் பார்த்து, லென்ஸைத் திறக்கிற ரப்பர் பல்பை அமுக்கினேன். அடுத்தடுத்த ஸ்லைடுகளை மாட்டுவதற்குள் யானை திரும்பிவிட்டது. மற்ற பிளேட்டுகளில் அதன் பின்பக்கம்தான் விழுந்தது.

முகம் தெரிந்தது அந்த ஒரு பிளேட்டில் மட்டும்தான்.

3. உத்தரவு

போடிக்கு வந்து பிளேட்டுகளை மருந்தில் கழுவினோம். படம் வந்திருந்தது. யானைக்கு முன்னால் இருந்த வரப்புப் புல் ஊசி ஊசியாகத் தெளிவாக விழுந்திருந்தது. யானை மட்டும் லேசாக மங்கல்.

“போக்கஸ் முன்னாடி விழுந்திருச்சே,” என்றேன்.

“அசைஞ்சிருக்கும். கொம்பு தெரியிதுல்ல, அது போதும் மாப்ளே,” என்றார் மச்சான். பேசக்கூட அவருக்குத் தெம்பில்லை.

பிளேட்டையும் காகிதத்தையும் சட்டத்துக்குள் வைத்து வெயிலில் காட்டிப் பிரதி எடுத்தோம். இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். யானைக்கு வலக்கொம்பு என்பது படத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. உத்தரவிலும் அப்படியே எழுதி வந்தது.

சுடும் பொறுப்பை ஒரு எஸ்டேட் துரை ஏற்றுக்கொண்டார். கொஞ்ச நாளில் குரங்கணிக்கு மேலே ஏலக்காட்டு ஓரத்தில் வலக்கொம்பு யானையைச் சுட்டுவிட்டார் என்று தகவல் வந்தது. செத்த யானையோடு துரையைப் படம் எடுக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

துரை ஒரு காலை யானையின் தலைமேல் வைத்து நின்றார். தேவாரத்தில் இருந்து செல்லையாவும் சிலரும் வந்திருந்தார்கள். செல்லையா யானையின் கொம்பைக் கையால் தடவிப் பார்த்தார், பிறகு அழுதார். அண்ணன் செத்த பிறகு அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

சற்றுத் தள்ளி ஏலக்காய் பறிக்கிற பெண்கள் நின்றார்கள். மலையாளத்துப் பக்கம் இருந்து வந்து பல வருஷமாக எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

“பாவம் ஆனையாக்கும் இது. நாங்க நெறய வருஷமாக் கண்டிருக்கோம். ஒராளையும் உபத்திரவம் செய்யாது.”

கங்காணி அவளை அதட்டினார். “ஒனக்கு என்ன தெரியும்? சர்க்கார் படம் புடிச்சில்ல சுட்டிருக்காக!”

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. செத்த யானையின் கன்னத்தில் காயம் இருக்கிறதா என்று பார்க்கவும் தோன்றவில்லை. காயம் இருந்த பக்கம் தரையில் கிடக்கிறது என்று நினைத்திருப்பேனோ என்னவோ. இன்றைக்கு ஞாபகமில்லை.

4. கறிச்சோறு

தேவாரத்துக்காரர்கள் செல்லையாவின் காட்டில் கிடா வெட்டிச் சோறு போட்டார்கள். எங்கள் இருவருக்கும் அழைப்பு. செல்லையாவிடம் கொடுக்க யானைப் படத்தின் பிரதி ஒன்றை எடுத்துப் போனேன்.

சாப்பாடு ஆகிறவரை பொழுதுபோகாமல் பழைய பாறைமேல் ஏறி உட்கார்ந்தேன். கீழே குடிசையை நிமிர்த்திப் புதுக்கூரை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வரப்பில் ஓடின. பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்தேன், எதிரே காட்டைப் பார்த்தேன். எதுவோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

எதிரே குடிசை இடப்பக்கம் இருந்தது, புளியமரம் வலப்பக்கம். படத்தில் புளியமரம் இடப்பக்கம் இருந்தது.

எங்கள் தொழிலில் இல்லாதவர்கள் இதை முன்னாலேயே கண்டுபிடித்திருப்பார்கள். கறுப்புத் துணிக்குள் நாங்கள் பார்க்கிற கண்ணாடியில் உலகமே தலைகீழாகத்தான் விழும்; இடது வலதாகவும் வலது இடதாகவும் இருக்கும். வருஷக்கணக்கில் அதைப் பார்த்துப் பார்த்து எது எந்தப் பக்கம் என்ற கவனமே எனக்கு மழுங்கிப் போயிருந்தது.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பிளேட் ஸ்லைடுக்குள் திரும்பிப் போயிருக்கிறது. மருந்துப் பக்கம் பின்னால் போய், கண்ணாடி வழியாகப் படம் விழுந்திருக்கிறது. அப்படி விழுந்தால் பிரதியில் எல்லாமே இடம் வலமாக மாறும். கண்ணாடியின் கனத்துக்கு மருந்து பின்தள்ளிப் போவதால் போக்கஸும் முன்னால் விழும். புல் தெளிந்து யானை மங்கியது அதனால்தான்.

“அப்ப சுட்டது…” என்றேன்.

“வேற யானை,” என்றார். பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழிருந்து செல்லையா, “அண்ணே, எல போட்டாச்சு, வாங்க!” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

5. யாரிடம் சொல்வது

இலையில் உட்கார்ந்தோம். மச்சான் ஒரு வாய்கூட வைக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் செல்லையாவைத் தனியே கூட்டிப்போய் அவரே சொன்னார். என்னைச் சொல்ல விடவில்லை.

“தம்பி, நான் தப்புப் பண்ணிட்டேன். காய்ச்சல்ல பிளேட்டத் திருப்பிப் போட்டுட்டேன். ஒங்க அண்ணன அடிச்சதுக்கு எடக்கொம்பு. அது இன்னும் சாகல. ராத்திரி குடிசையில படுக்காதீக.”

செல்லையா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்க முயற்சி செய்தார்.

“அந்தக் கொம்ப நான் தொட்டுப் பாத்தேண்ணே. செத்துக் கெடந்துச்சு. பெறகு இன்னைக்கு வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு யானையும் வரல. நீங்க காய்ச்சக்காரரு, எதையாச்சும் நெனச்சு மனசக் கெடுத்துக்காதீக.”

“படத்தப் பாரு தம்பி. ஒங்க புளியமரம் எங்க நிக்குது பாரு.”

செல்லையா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். முகம் மாறியது. “கருது முத்தி நிக்கிதுண்ணே. காவலுக்கு ஆளில்லாட்டி ஒரே ராத்திரியில பன்னி அழிச்சுட்டுப் போயிரும். சரி, மரத்து மேல பரண் கட்டிப் படுத்துக்கிறேன்,” என்றார். அன்றே கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் போனோம். முழுவதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இத வெளிய சொன்னீங்களா?”

“செல்லையாகிட்டச் சொன்னோம்.”

“போதும், அதோட நிறுத்துங்க. துரை சுட்டாச்சு, ரிப்போர்ட் மேல போயாச்சு. தப்பான யானையச் சுட்டுட்டோம்னு நான் எழுதட்டுமா? எம் பிள்ளைகளுக்கு நீங்க சோறு போடுவீங்களா?”

“இன்னொரு உத்தரவு வாங்க முடியாதுங்களா?” என்று கேட்டேன்.

“எதக் காட்டி வாங்குறது? இன்னொரு ஆளு செத்தா வாங்கலாம்,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்தவர்.

மச்சான் விடவில்லை. சரியான பக்கத்தில் படம் விழும்படி பிளேட்டைத் திருப்பி வைத்து ஒரு பிரதி எடுத்து, விவரம் எழுதி, கலெக்டர் ஆபீசுக்கே அனுப்பினார். பதில் வரவில்லை. தேவாரத்தில் மற்ற காட்டுக்காரர்களிடமும் நடந்து நடந்து சொன்னோம். செத்த யானையைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்களை நம்பவில்லை. “படம் எடுத்ததும் நீங்கதான், தப்புன்னு சொல்றதும் நீங்கதானா?” என்று ஒருவர் கேட்டார்.

6. மழை

செல்லையா பரணில்தான் படுத்தார். யானை வரவில்லை. வாரங்கள் போயின. அறுப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது காலம் தப்பி ஒரு மழை பிடித்துக்கொண்டது. பரணில் கூரை இல்லை. நனைந்து நனைந்து பார்த்துவிட்டு அவர் குடிசைக்கு இறங்கிவிட்டார். வந்தால் முன்னமே வந்திருக்கும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

விடிந்ததும் தேவாரத்தில் இருந்து வண்டி வந்தது. வண்டிக்காரர் இறங்காமலேயே சொன்னார். “செல்லையாவ அடிச்சுருச்சு.”

நாங்கள் போனபோது உடலை எடுத்து முடித்திருந்தார்கள். மச்சான் வீட்டுக்குள் வரவில்லை, தெருமுனையில் நின்றுவிட்டார். நான் மட்டும் போனேன். செல்லையாவின் மனைவி வீரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அடிப்பாளோ, திட்டுவாளோ என்று இருந்தது. அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன்.

“அத்தன நாளு எங்க காட்டுலயே கெடந்தீகளேண்ணே. அம்புட்டுப் படம் புடிச்சீகளே. எங்க வீட்டு ஆளு அதுல ஒரு படத்துலயாச்சும் இருக்காரா?”

“பாத்துட்டு வர்றேன் ஆத்தா,” என்றேன்.

போடிக்கு வந்து எல்லாப் பிளேட்டையும் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மச்சானும் கூட உட்கார்ந்து பார்த்தார். பாறை இருந்தது. குடிசை, புளியமரம், யானையின் பின்பக்கம், மலை எல்லாம் இருந்தன. குரங்கணியில் துரையோடு எடுத்த படங்களில் தேவாரத்துக்காரர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லியிருந்தோம். மண்ணை விட்டுக் காற்றுப் பார்த்த, முக்காலியைத் தோளில் சுமந்த, எங்களுக்குக் கூழ் கொண்டுவந்த செல்லையா ஒரு பிளேட்டிலும் இல்லை. ஓரத்தில் ஒரு கைகூட இல்லை. பிளேட் கனம், பிளேட் குறைவு, மிருகத்துக்குத்தான் பிளேட் என்று இருந்தோம்.

திரும்பிப் போய் இல்லை என்று சொன்னேன். அவள், “சரிண்ணே,” என்றாள்.

பிறகு இடக்கொம்பு என்று எழுதிப் புது உத்தரவு வந்தது. அதற்குள் யானை மலை தாண்டி மலையாளத்துப் பக்கம் போய்விட்டது என்றார்கள். யாரும் அதைப் பார்க்கவில்லை. மச்சான் அதற்கப்புறம் கறுப்புப் பையைத் தொடவில்லை. ஸ்டுடியோவை என்னிடம் விட்டுவிட்டு ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலைக்குப் போனார். என் அக்காள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். காய்ச்சல் உடம்பு என்று மற்றவர்கள் சமாதானம் சொன்னால் எழுந்து போய்விடுவார். கடைசிவரை அப்படித்தான் இருந்தார்.

தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்லைடின் உள்விளிம்பில் வலப்பக்கமாக அரத்தால் ஒரு சின்ன வெட்டு போட்டு வையுங்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அந்த அடையாளம் விழும். பிளேட் திரும்பிப் போயிருந்தால் அது எதிர்ப்பக்கம் விழுந்து, பிரதி எடுத்ததுமே காட்டிக் கொடுத்துவிடும். உடம்பு சரியில்லாத ஆளிடம் கறுப்புப் பையைக் கொடுக்காதீர்கள், அவர் உங்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவராக இருந்தாலும். ஒரு படத்தை நம்பி யாராவது ஒரு காரியம் செய்யப் போகிறார்கள் என்றால், எடுத்த இடத்துக்கே பிரதியைக் கொண்டுபோய் நேரில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. காட்டுக்குள் உங்களைக் கூட்டிப்போகிற ஆளை முதல் பிளேட்டில் நிறுத்துங்கள். பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்கட்டும். யானை பிறகு வரட்டும்.